பழைய படங்களும் எங்கள் கைகளும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, பங்கு மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சியின் திறப்பின்போது நிகழ்த்திய உரை)

 

மேடையில் பேசுவது எங்கள் தொழில் அன்று. மேடையில் பேசுகிறவர்களைப் படம் பிடிப்பதுதான் எங்கள் தொழில். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, தலையைத் தாழ்த்துங்க" என்பதற்கு மேல் பொதுக்கூட்டத்தில் நாங்கள் வாய் திறந்ததே இல்லை. பேசுகிறவர் எங்களில் மூத்தவர் என்றாலும், அண்ணன் தம்பி இருவரும் கலந்து எழுதிய உரை இது. ஆகையால் 'நாங்கள்' என்றே சொல்கிறோம். பிழை இருந்தால் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கிறோம்.

ஏழு மாதங்களுக்கு முன், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத் தந்தை ஓர் அறிவிப்புக் கொடுத்தார்கள். வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவாருங்கள்; கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம் என்பது அந்த அறிவிப்பு. பத்து இருபது படங்கள் வரும் என்று எண்ணினோம். நானூற்றுக்கு மேல் வந்துவிட்டன. பிஸ்கட் டின்னில் வந்தன, டிரங்குப் பெட்டியோடு வந்தன, செபப் புத்தகத்தின் நடுவில் மடித்தபடி வந்தன. அடுப்புப் புகை படிந்த கண்ணாடிக்குள் யார் இருக்கிறார் என்றே தெரியாமலும் சில வந்தன. ஒரு பாட்டியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பீடி இலையளவு படம் ஒன்றை எடுத்து எங்கள் கையில் வைத்தார். நாங்கள் அதை வாங்கும்வரை முடிச்சை விடவில்லை, வாங்கிய பிறகு எங்கள் முகத்தை விடவில்லை.

அந்தப் படங்களோடு ஏழு மாதம் கழித்ததில் எங்களுக்குத் தெரிய வந்ததையே இங்கே சொல்ல நினைக்கிறோம்.

முதலில், படம் ஏன் கெடுகிறது? கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பு என்பது வெள்ளி உலோகம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக, ஜெலட்டின் என்னும் பசைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. ஜெலட்டின் மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதாவது அது தின்பண்டம். பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் நாம் சுவரில் விருந்து மாட்டி வைத்திருக்கிறோம். காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் தாராளமாக வளரும். கடற்கரையில் குடியிருக்கும் நமக்கு அதற்குக் குறைவான நாள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு காரணம் தண்ணீர். டார்க் ரூமில் படத்தை ஹைப்போவில் போட்ட பிறகு ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். ஹைப்போ தாளில் தங்கிவிட்டால் பத்திருபது ஆண்டுகளில் படம் பழுப்பேறி மறையத் தொடங்கும். சித்திரை வைகாசியில் கிணறு வற்றும்போது எங்கள் தகப்பனார் நான்கே குடம் தண்ணீரில் ஒரு நாள் வேலையை ஒப்பேற்றுவதைப் பார்த்திருக்கிறோம். கோடையில் நடந்த கலியாணங்களின் படங்கள் ஏன் முன்னதாக மங்கின என்பது எங்களுக்கு இப்போது விளங்குகிறது. தகப்பனார் சார்பில் அந்தத் தம்பதியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

வண்ணப் படங்களின் கதை வேறு. அவற்றில் வெள்ளி கிடையாது, கழுவும்போதே அது வெளியேறிவிடும். மிஞ்சுவது சாயம் மட்டுமே. 1970-களிலும் 80-களிலும் அச்சான பல வண்ணப் படங்களில் நீலச்சாயம் முதலில் வெளுத்துப் போனது. அதனால்தான் அந்தக் காலத்துக் கலியாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளை, பெண், வாழைமரம், பந்தல் எல்லாமே செம்மண் நிறத்தில் தெரிகின்றன. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று இருக்க, பேரனின் வண்ணப் படம் மங்கியிருப்பதைக் கண்டு வியந்தவர்கள் உங்களிலே பலர் இருப்பீர்கள். நீலத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டரில் பெருமளவு மீட்டுவிடலாம். முற்றிலும் போய்விட்டால் மீட்க முடியாது. அப்போது நாங்கள் போடுவது புது நிறம். அதைப் பழைய நிறம் என்று சொல்லக் கூடாது.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கடைக்குப் படங்கள் வந்தன. ஆல்பத்தைச் சேற்றோடு வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் போல் இறுகிவிட்டன. பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு போயிற்று. எங்களுக்கும் அன்று வழி தெரியவில்லை. ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 2011 மார்ச்சில் ஜப்பானில் அதே போன்ற அலை வந்தபோது, யாமமோட்டோ என்ற ஊரில் மட்டும் சுமார் 7,50,000 படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் கழுவி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டி நிழலில் உலர்த்தினார்கள். சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஜெலட்டினைத் தின்பதற்கு முன் கழுவிவிட வேண்டும், ஒட்டிக் காய விடக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. இதைப் படித்த அன்று நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. இந்த ஒரு செய்தி 2004-ல் நமக்குத் தெரிந்திருந்தால் எத்தனை வீட்டுச் சுவர்களில் இன்று முகம் இருக்கும்! ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறோம்: படம் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பிரியுங்கள், முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்துங்கள். உடனே செய்ய முடியாவிட்டால் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். அதேபோல், சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

ஸ்கேன் என்றதும், "கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே, போதாதா?" என்று பலர் கேட்டார்கள். வந்த படங்களைப் பார்த்தோம். ஒரு தாத்தாவின் நெற்றிக்குக் குறுக்கே டியூப்லைட் எரிகிறது. ஒரு புதுநன்மைப் படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் படம் எடுத்த மருமகனின் நிழல் நிற்கிறது. கண்ணாடிக்கு மேல் எடுத்தால் அப்படித்தான் வரும். வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கி அனுப்பும். பாஸ்போர்ட் அளவுப் படம் மூன்றரை சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரம். அதை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 413 புள்ளிகள்தான் கிடைக்கும். 1,200 புள்ளி வீதம் எடுத்தால் 1,654 கிடைக்கும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் அது ஓரளவு தாங்கும். சின்னப் படத்துக்குத்தான் பெரிய ஸ்கேன் வேண்டும் என்பதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சுவையான செய்தி. உலகத்திலேயே முதன்முதலில் ஒரு புகைப்படம் கம்ப்யூட்டருக்குள் போனது 1957-ல். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியியலார் தாமே வடிவமைத்த ஸ்கேனரில் வைத்த படம் எது தெரியுமா? ஏவுகணையும் அன்று, ஜனாதிபதியும் அன்று. அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தையின் படம். நீளத்தில் 176 புள்ளி, அகலத்தில் 176 புள்ளி, அவ்வளவுதான். அத்தனை பெரிய இயந்திரம் முதலில் பார்த்த முகம் ஒரு வீட்டுப் பிள்ளையின் முகம். இந்தச் செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். பதிவு செய்வது பாதி வேலை. கிழிந்ததை ஒட்டி, கறையைப் போக்கி, மங்கியதைத் தெளிவாக்குவது மறுபாதி. அந்த இரண்டாம் பாதியில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் படங்களில் கைவைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியன்று. எங்கள் தகப்பனார் நாளும் கைவைத்தவர். கண்ணாடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, கீழே முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, நெகடிவை அதன்மேல் பொருத்துவார். உப்புத்தாளில் ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுப்பாக விழும். முகச் சுருக்கமும் அம்மைத் தழும்பும் அப்படித்தான் மறைந்தன. அதற்கு 'டச்சிங்' என்று பெயர். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' காகிதத்தில் அச்சிட்டு, வெள்ளைப் புள்ளி விழுந்த இடத்தை மெல்லிய தூரிகையால் அடைப்பார். அந்தத் தொழிற்சாலையும் இன்று இல்லை, அந்தத் தூரிகை மட்டும் எங்களிடம் இருக்கிறது.

அவருக்கும் முன்னோடி உண்டு. லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தார். அக்காலத்து நெகடிவிலிருந்து எடுத்த அச்சில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. நெகடிவில் சாயம் தீட்டி மேகத்தை உண்டாக்கினார். ஆனால் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்கு வந்தபோது அதே மனிதர் என்ன செய்தார்? 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு விரித்து வைத்தார். மேகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் கை எங்கே போகலாம், எங்கே நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நாங்கள் படித்ததில்லை.

எங்கள் தகப்பனாரிடம் மக்கள் அதிகமாகக் கேட்டது என்னவென்றால், "கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்க அண்ணாச்சி" என்பதுதான். பெண் பார்க்கும் படம் என்றால் கேட்கவே வேண்டாம். அவரும் செய்து கொடுத்தார். வயிறு இருக்கிறதே! இன்றைக்கும் எங்களிடம் அதையே கேட்கிறார்கள், நாங்களும் சில சமயம் செய்து தொலைக்கிறோம். ஆனால் இறந்துபோனவர்களின் படத்தில் செய்வதில்லை. உயிரோடிருப்பவர் கண்ணாடியில் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்ளலாம், இறந்தவருக்கு அந்தப் படம்தான் கண்ணாடி.

அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு படம்கூட எடுக்காமலே ஒருவர் இறந்துபோவார். வீட்டார் ஓடிவந்து கூப்பிடுவார்கள். தகப்பனார் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், நாற்காலியில் சாய்த்து வைத்த உடலைப் படம் எடுத்துவந்து, அச்சில் கண்களைத் திறந்திருப்பதுபோல் வரைந்து கொடுப்பார். சிறுவர்களாக இருந்த எங்களுக்கு அது அச்சமாக இருக்கும். இப்போது யோசித்தால் அவர் செய்தது பொய்யென்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் படத்தின் பின்பக்கம் பென்சிலால் இரண்டே வரி எழுதுவார்: 'மரித்தபின் எடுத்தது. கண் நான் வரைந்தது.' பக்கத்தில் தேதி. யாரும் கேட்காமலே எழுதுவார். அந்தப் படங்களில் மூன்று இந்த ஏழு மாதத்தில் எங்களிடம் திரும்பி வந்தன. அவர் எழுத்து அப்படியே இருக்கிறது. பென்சில் அழியவில்லை, மை எழுதியவை ஊறி முன்பக்கம் வந்துவிட்டன.

அந்த இரண்டு வரியின் அருமை தெரியாமல் நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2002-ல் போட்டோஷாப் என்ற மென்பொருளின் ஏழாம் பதிப்பில் காயம் ஆற்றும் தூரிகை ஒன்று வந்தது. பக்கத்து இடத்தின் தன்மையைக் கொண்டுவந்து கறைமேல் பூசிவிடும். அடுத்த ஆண்டு நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கினோம். உலகத்தையே செப்பனிட்டுவிடலாம் என்ற மிதப்பு. அப்போது ஒரு தாயார் வந்தார்கள். மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இருந்தது ஒரே பாஸ்போர்ட் படம். அதில் இடப்பக்கக் கண், புருவம், கன்னத்தில் பாதி, எல்லாவற்றையும் பூஞ்சணம் தின்றிருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? வலப்பக்கத்தைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, இடப்பக்கம் பொருத்தினோம். ஒட்டுத் தெரியவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார்கள். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது யாரு?" என்றார்கள்.

சிறு வயதில் படகின் விளிம்பில் மோதி அந்தப் பையனுக்கு இடது புருவம் பிளந்திருக்கிறது. அந்தக் கண் எப்போதும் கொஞ்சம் சுருங்கியே இருக்கும். தாய் தேடி வந்தது அந்தக் கண்ணைத்தான். நாங்கள் குறையே இல்லாத ஒரு வேற்றாளை அவர் மடியில் வைத்துவிட்டோம்.

காசை வாங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. தகப்பனாரின் நெகடிவ் பெட்டிகளை இறக்கி நான்கு இரவு தேடினோம். உறுதிப்பூசுதல் அன்று எடுத்த ஒரு குரூப் படம் அகப்பட்டது. மூன்று வரிசைப் பிள்ளைகள், இரண்டாம் வரிசையில் அவன், முகம் துவரம்பருப்பு அளவு. ஆனால் பெரிய பிலிம், நல்ல லென்ஸ். பெரிதாக்கியதும் பிளந்த புருவம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கண்ணை எடுத்துப் பழைய படத்தில் ஒட்டலாமா என்று கேட்டோம். பன்னிரண்டு வயதுக் கண் இருபத்துநான்கு வயது முகத்தில் எப்படி இருக்கும் என்று அவரே கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்கள். சிறுவனின் முகத்தைத் தனியாகப் பெரிதாக்கிக் கொடுத்தோம். பாஸ்போர்ட் படத்தில் கறையை மட்டும் துடைத்து, அழிந்த பாகத்தை வெறும் சாம்பல் நிறமாக விட்டுக் கொடுத்தோம். இரண்டும் அவர்கள் வீட்டில் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. வந்தவர்கள் கேட்டால், "அரிச்சுப்போன இடம் அது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்கிறார்களாம்.

நாங்கள் அன்று கையால் செய்த தவறை இன்று கைப்பேசி ஒரு நொடியில் செய்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்லும் முறைகளில் மங்கிய முகத்தைக் கொடுத்தால், இமை மயிர் உட்பட எண்ணிவிடலாம் போலத் தெளிவான முகம் வருகிறது. அது படத்துக்குள் ஒளிந்திருந்த முகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியன்று. ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், 'இப்படி இருந்திருக்கலாம்' என்று ஊகித்து வரைகிற முகம் அது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட அத்தகைய நிரல் ஒன்றுக்கு, முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் முகத்தைப் புள்ளி புள்ளியாக மங்கலாக்கிக் கொடுத்தார்கள். அது தெளிவாக்கித் தந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி என்றால், நம் தெருவுக்கு மட்டுமே தெரிந்த முகங்களுக்கு என்ன ஆகும்? சோதனைக்காக நாங்கள் ஒரு பாட்டியின் படத்தைப் போட்டுப் பார்த்தோம். தோள்வரை வளர்த்த காதில் பாம்படம் தொங்கும் படம். இயந்திரம் காதைச் சிறிதாக்கி ஒழுங்காக மூடிவிட்டது, பாம்படத்தைத் தலைமயிராக்கிவிட்டது. பாம்படத்தை அது பார்த்ததே இல்லை போலும், பாவம்.

சிரித்துவிட்டீர்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கொடியோர், புனோம்பென் நகரின் டுவோல் ஸ்லெங் சிறையில் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்துக் கொல்ல அனுப்பினார்கள். கொல்லுமுன் ஒவ்வொருவரையும் படம் பிடித்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளை முகங்கள்தான் இன்று சாட்சி. 2021 ஏப்ரலில் வெளிநாட்டில் ஒருவர் அவற்றில் சிலவற்றுக்கு வண்ணம் ஏற்றி வெளியிட்டார். வண்ணம் மட்டுமன்று, சில முகங்களில் புன்னகையும் ஏற்றியிருந்தார். குடும்பத்தார் கொதித்தார்கள், கம்போடிய அரசு கண்டித்தது, படங்கள் அகற்றப்பட்டன. சாகப்போகிறவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான் என்று அடுத்த தலைமுறை நம்பியிருக்கும். அதை ஒரு வன்மத்தோடு செய்தார்கள் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அழகாக்குகிறோம் என்ற எண்ணமே அதற்குப் போதும்.

ஆகையால் நாங்கள் எங்களுக்கென ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஸ்கேன் செய்த படத்தைத் தொடாமல், தரம் குறையாத டிஃப் கோப்பாகத் தனியே வைத்துவிடுகிறோம். வேலை எல்லாம் அதன் பிரதியில்தான். கீறல், மடிப்பு, கறை, மங்கல் ஆகியவற்றைச் சரிசெய்கிறோம். முகத்தில் இல்லாததைப் போடுவதில்லை. வாடிக்கையாளர் கட்டாயம் கேட்டால் போட்டுக் கொடுத்து, தகப்பனார் போலப் பின்னால் எழுதிக் கொடுக்கிறோம். அச்சடித்த மூலப் படத்தை அவரவர் வீட்டுக்கே திருப்பித் தருகிறோம். "அதான் கம்ப்யூட்டரில் ஏத்தியாச்சே, பழசை எதுக்கு வச்சுக்கிட்டு?" என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கலியாணங்களைப் பதிவு செய்து கொடுத்த சி.டி.க்களில் பாதி இன்று திறக்கவில்லை. கோப்பு இரண்டு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், தாளும் இருக்க வேண்டும். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 2010-களில், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோக்காரர்களின் வேலையையும் ஒரு சரித்திரமாக எண்ணி வந்தார்களே என்று எங்களுக்குப் பெருமைதான்.

கடைசியாக, அதோ நடுச்சுவரில் இருக்கும் பெரிய படம். நம் கோவில் சுவர் பாதி எழும்பியபோது எடுத்தது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய பொன்விழா மலரில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆயர் அவர்கள், அன்றைய பங்குச் சாமியார், தலைப்பாகையும் கோட்டுமாக ஐந்து பெரியவர்கள். இந்த முறை மூலப் படமே ஒரு வீட்டிலிருந்து சட்டத்தோடு வந்தது. ஸ்கேன் செய்வதற்காகச் சட்டத்தைப் பிரித்தோம். ஓரத்து அட்டையை எடுத்தபோது இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அட்டைக்குக் கீழே படத்தின் மூன்றில் ஒரு பங்கு மறைந்திருந்தது. அங்கே பதினொரு பெண்கள் நிற்கிறார்கள். சிலர் தலையில் ஓலைப்பெட்டி, சிலர் இடுப்பில். சுண்ணாம்புத் தூசி முழங்கை வரை. கரண்டியோடு ஒரு கொத்தனார், கால் மாற்றி நிற்கும் இரண்டு சிறுவர்கள். சட்டம் போட்டவர் அளவுக்காக மறைத்தாரோ, வேண்டுமென்றே மறைத்தாரோ, அதை இப்போது பேசிப் பயனில்லை. பொன்விழா மலருக்குப் பிளாக் செய்தவர் கண்ணில் பட்டது அட்டைக்குள் தெரிந்தது மட்டுமே.

இந்த மலரில் எப்படிப் போடுவது என்று குழுவில் பேச்சு வந்தது. நல்லெண்ணத்தோடு சிலர், "ஓரத்தில் ஒரே கறையாக இருக்கிறது, அவர்கள் ஆடியும் விட்டார்கள், வெட்டிவிட்டால் பெரியவர்கள் முகம் பெரிதாகத் தெரியுமே" என்றார்கள். ஆடியது உண்மைதான். பெரியவர்கள் படத்துக்காக நின்றார்கள், அந்தப் பெண்கள் வேலைக்கு நடுவில் நின்றார்கள். முழுப் படத்தைப் போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் எங்களை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். பங்குத் தந்தை படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். "முழுசாப் போடுங்க" என்றார்கள். அதோடு முடிந்தது.

அச்சுக்குப் போகுமுன், தொண்ணூறு தாண்டிய பாட்டி ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். முன்பு முந்தானை முடிச்சிலிருந்து படம் எடுத்துக் கொடுத்தார் என்றோமே, அவரேதான். பெரியவர்களின் பெயரைச் சொல்லுவார் என்று எண்ணித்தான் போனோம். பாட்டி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இடமிருந்து நாலாவது பெண்ணின்மேல் விரலை வைத்தார். "எங்க அம்மை" என்றார். பாட்டிக்கு ஆறு வயதில் தாய் இறந்துவிட்டாராம். தாய்க்குப் படம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. முகம் ஆடித்தான் இருக்கிறது, மூக்கும் வாயும் கலங்கித் தெரிகின்றன. பேரன் உடனே கைப்பேசியை எடுத்து, "தெளிவாக்கிக் காட்டட்டுமா ஆச்சி?" என்றான். "எதுக்கு? அம்மை இப்படித்தான், ஓரிடத்துல நிக்க மாட்டா" என்றார் பாட்டி.

பிறகு ஒவ்வொருவராக ஏழு பேருக்குப் பெயர் சொன்னார். எழுதிக்கொண்டோம். கொத்தனார் யார் என்பதும் தெரிந்துவிட்டது. நான்கு பெண்களும் இரண்டு சிறுவர்களும் மிச்சம். வலது கோடியில் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் கோவில் சுவரைப் பார்த்து நிற்கிறாரே, அவர் அந்த நால்வரில் ஒருவர். கண்காட்சி ஞாயிறு மாலை வரை இருக்கும். படத்துக்குக் கீழே மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் எங்களிடம் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.